திரில்லரா, ஈகிள்ஸா? விற்பனைக் கணக்கின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக வாசியுங்கள்.

2018 ஆகஸ்ட் 20. மைக்கேல் ஜாக்சன் ரசிகர்களுக்கு மனம் கசந்த நாள். அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் (சுருக்கமாக ஆர்.ஐ.ஏ.ஏ.) அன்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஈகிள்ஸ் என்ற ராக் குழுவின் 1971–1975 பாடல் தொகுப்பு 38 முறை பிளாட்டினம் ஆகிவிட்டது. ஒரு பிளாட்டினம் என்றால் 10 லட்சம். அதாவது 3 கோடியே 80 லட்சம். மைக்கேலின் 'திரில்லர்' அப்போது 33 பிளாட்டினத்தில் நின்றது. அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் என்ற பட்டம் கைமாறியது.

சண்டை அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. "ஈகிள்ஸ் தொகுப்பு பழைய ஹிட் பாட்டுகளைப் பொறுக்கி எடுத்து ஒட்டியது. அதைப் போய் திரில்லரோடு ஒப்பிடலாமா?" என்கிறது ஒரு கட்சி. "விற்றது விற்றதுதானே?" என்கிறது இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. 2006-ல் ஈகிள்ஸ் தொகுப்பின் கணக்கு 29. மைக்கேல் மறைந்த 2009-ல் திரில்லரும் 29-ஐத் தொட்டது. அதன்பின் திரில்லர் படிப்படியாக ஏறி 33-க்கு வந்தது. ஈகிள்ஸ் தொகுப்போ பன்னிரண்டு ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் 29-லிருந்து 38-க்குத் தாவியது. "இந்த 90 லட்சத்தை யார், எங்கே வாங்கினார்கள்?" என்பது மூன்றாவது கட்சியின் கேள்வி.

நான் வரலாறு நடத்தியவன். எனக்கு இந்த மூன்றாவது கேள்விதான் பிடிக்கிறது. அதில்தான் விஷயம் இருக்கிறது.

சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி வரும். மன்னன் எந்தெந்த நாட்டை வென்றான் என்று வரிசையாக அடுக்கியிருக்கும். வரலாறு படிக்கிற பிள்ளை அதைப் பொய் என்று தள்ளவும் கூடாது, வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. இதை எழுதச் சொன்னது யார், எதற்காக எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். பிளாட்டினம் சான்றிதழும் ஒருவகை மெய்க்கீர்த்திதான். அதனிடமும் இதே மூன்று கேள்விகளைக் கேட்போம்.

முதலில், அதன் பிறப்பு. ஆர்.ஐ.ஏ.ஏ. என்பது இசைத்தட்டு கம்பெனிகள் 1952-ல் கூடி அமைத்த சங்கம். அதற்கு முன்பும் கம்பெனிகள் தங்கள் பாடகர்களுக்குத் 'தங்கத் தட்டு' கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அது அவரவர் வீட்டு விசேஷம். கணக்கை வெளியார் யாரும் சரிபார்க்கவில்லை. 1958-ல்தான் சங்கம் தணிக்கை வைத்து கோல்டு சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. முதல் கோல்டு சிங்கிள் பெர்ரி கோமோவின் 'கேட்ச் எ ஃபாலிங் ஸ்டார்'. முதல் கோல்டு ஆல்பம் 'ஓக்லஹோமா!' படத்தின் பாடல்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அன்று சிங்கிளுக்குக் கோல்டு என்றால் 10 லட்சம் பிரதிகள். ஆல்பத்துக்கோ பிரதிக் கணக்கே கிடையாது. மொத்த விலையில் 10 லட்சம் டாலர் விற்றால் போதும். ஆல்பத்துக்கு 5 லட்சம் பிரதிகள் என்ற நிபந்தனை 1975-ல்தான் வந்தது. எனவே 1962-ல் ஒருவர் வாங்கிய கோல்டும் 1982-ல் இன்னொருவர் வாங்கிய கோல்டும் ஒரே எடைக்கல்லால் நிறுத்தவை அல்ல.

10 லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் 1976-ல் வந்தது. அந்தச் சான்றிதழை வாங்கிய முதல் ஆல்பம் எது தெரியுமா? அதே ஈகிள்ஸ் தொகுப்புதான். அந்தக் குழுவின் பெயரைச் சொன்னாலே நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருகிற 'ஹோட்டல் கலிபோர்னியா' பாட்டு அந்தத் தொகுப்பில் கிடையாது. தொகுப்பு 1976 பிப்ரவரியில் வந்தது, அந்தப் பாட்டு இருக்கும் ஆல்பம் டிசம்பரில் வந்தது. ஒரு கோடிக்கான டைமண்ட் பட்டம் 1999-ல் சேர்ந்தது.

அடுத்து, சான்றிதழ் எப்படிக் கிடைக்கிறது? தானாக வராது. கம்பெனி விண்ணப்பம் போட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், கணக்கைத் தணிக்கைக்குத் திறந்து காட்ட வேண்டும். கம்பெனி கேட்காவிட்டால் பாட்டு எவ்வளவு விற்றாலும் எண் அப்படியே நிற்கும். ஈகிள்ஸ் தொகுப்பு பன்னிரண்டு ஆண்டு அசையாமல் நின்று பிறகு ஒரே தாவலாகத் தாவியதற்கு இந்த விண்ணப்ப முறை ஒரு காரணம்.

இன்னொரு காரணம் 2016 பிப்ரவரியில் வந்த விதி. அன்று முதல் ஒரு ஆல்பத்தின் பாட்டுகள் இணையத்தில் 1500 முறை கேட்கப்பட்டால் அது ஒரு ஆல்பம் விற்றதற்குச் சமம். ஆகவே 2018-ன் 38 பிளாட்டினத்துக்குள் கடையில் விற்ற தட்டும் இருக்கிறது, கைப்பேசியில் கேட்ட பாட்டும் இருக்கிறது. திரில்லருக்கும் இதே விதிதான். 2021-ல் அது 34 ஆனது.

எண்ணுகிற முறையில் இன்னும் இரண்டு நுணுக்கங்கள் உண்டு.

ஒன்று, இரட்டைத் தட்டு. நீளமான இரட்டை ஆல்பம் ஒன்று விற்றால் கணக்கில் இரண்டு. பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' 23 முறை பிளாட்டினம். ஆனால் வீடுகளுக்குப் போன பெட்டிகள் 1 கோடியே 15 லட்சம்தான்.

இரண்டு, கடைக்குப் போனதா, வீட்டுக்குப் போனதா என்பது. இந்தச் சான்றிதழ் கிடங்கிலிருந்து கடைக்கு அனுப்பிய சரக்கை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. 1978-ல் கிஸ் குழுவின் நான்கு பேரும் ஆளுக்கொரு தனி ஆல்பம் ஒரே நாளில் வெளியிட்டார்கள். கம்பெனி ஒவ்வொன்றிலும் 10 லட்சத்துக்கு மேல் கடைகளுக்கு அனுப்பித் தள்ளியது. நான்கும் உடனே பிளாட்டினம். பின்பு ஏராளமான தட்டுகள் விற்காமல் கம்பெனிக்கே திரும்பி வந்தன. "போனது கோல்டு, திரும்பி வந்தது பிளாட்டினம்" என்ற கேலிப் பேச்சு அந்த வட்டாரத்தில் உலவிய காலம் அது.

2013-ல் இதற்குப் புது வடிவம் வந்தது. ஜே-ஸீயின் 'மேக்னா கார்ட்டா ஹோலி கிரெயில்' ஆல்பத்தின் 10 லட்சம் பிரதிகளை சாம்சங் கம்பெனி மொத்தமாக வாங்கித் தன் கைப்பேசி வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஆர்.ஐ.ஏ.ஏ. தன் விதியைத் திருத்தி உடனே பிளாட்டினம் கொடுத்தது. தரவரிசை வெளியிடும் பில்போர்டு பத்திரிகையோ அந்த 10 லட்சத்தை எண்ண மறுத்துவிட்டது. ஒரே ஆல்பம், ஒரே வாரம், ஒருவர் கணக்கில் இருக்கிறது, இன்னொருவர் கணக்கில் இல்லை. யார் பொய் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. இருவரும் வெவ்வேறு பொருளை எண்ணினார்கள்.

இதுவரை சொன்னது எண்ணப்பட்டவர்களின் கதை. எண்ணப்படாதவர்கள் கதைக்கு வருவோம்.

டெட்ராய்ட் நகரில் பெர்ரி கோர்டி என்ற கறுப்பினத்தவர் தொடங்கிய கம்பெனி மோடவுன். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே என்று 1960களின் அமெரிக்க வானொலியை ஆண்டவர்கள் அந்தக் கூரையின் கீழிருந்து வந்தவர்கள். சுப்ரீம்ஸ் குழுவின் 12 பாட்டுகள் முதலிடம் பிடித்தன. மார்வின் கேயின் 'ஐ ஹியர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்' 1968 கடைசியிலும் 1969 தொடக்கத்திலுமாக ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. ஆனால் அந்தக் காலத்தில் இந்தப் பாட்டுகளுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. கோல்டு கிடையாது. மோடவுன் 1970களின் பிற்பகுதி வரை அந்தச் சங்கத்தில் சேரவே இல்லை. தன் கணக்குப் புத்தகத்தை வெளியாருக்குத் திறக்கவில்லை. தன் பாடகர்களுக்குத் தானே தங்கத் தட்டு செய்து கொடுத்துக்கொண்டது.

இன்று ஒரு ரசிகர் சான்றிதழ்ப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு 1960களை அளந்தால், அந்தப் பத்தாண்டின் பெரிய பகுதி அவர் கண்ணில் படாது.

எதிர்ப்பக்கம் ஒரு கதை. எல்விஸ் பிரெஸ்லி இறந்தது 1977. பதினைந்து ஆண்டு கழித்து, 1992 ஆகஸ்டில், அவருடைய 110 தலைப்புகளுக்கு கோல்டு, பிளாட்டினம் சான்றிதழ்கள் ஒரேயடியாக வழங்கப்பட்டன. அந்த ஆகஸ்டில் ஜனங்கள் ஓடிப்போய் எல்விஸ் தட்டு வாங்கியதால் அல்ல. பழைய விற்பனைக் கணக்குகளைத் தேடி எடுத்துத் தணிக்கைக்கு வைத்தார்கள், அவ்வளவுதான். தேடிக் கொடுக்க ஆள் இருந்தால் எண் ஏறும். ஆள் இல்லாதவருக்கு ஏறாது.

வாராந்தரத் தரவரிசையும் இப்படித்தான். 1991 வரை பில்போர்டு பத்திரிகை கடைகளைக் கூப்பிட்டு விசாரிக்கும். "இந்த வாரம் எது நன்றாகப் போகிறது?" கடைக்காரர் ஞாபகத்திலிருந்து வரிசை சொல்வார். அவர் எதைச் சொல்ல வேண்டும் என்பதில் கம்பெனி ஆட்களுக்கும் அக்கறை இருந்தது, இலவசத் தட்டுகள் கை மாறின. நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசையும், கறுப்பு இளைஞர்களின் ராப் இசையும் பல கடைக்காரர்களின் ஞாபகத்தில் கீழேயே கிடந்தன.

1991 மே 25 இதழில் பில்போர்டு சவுண்ட்ஸ்கேன் முறைக்கு மாறியது. கடையில் பில் போடும்போது தட்டின் மேல் இருக்கும் பட்டைக்கோட்டை வருடுவார்களே, அந்தத் தகவல் நேரே கணக்குக்குப் போகும். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூனில் ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ.யின் ஆல்பம் முதலிடம். செப்டம்பரில் கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸின் 'ரோப்பின் தி விண்ட்' வெளியானவுடன் நேராக முதலிடத்தில் நுழைந்தது. கன்ட்ரி ஆல்பம் ஒன்று அப்படி நுழைந்தது அதுவே முதல்முறை. கேட்பவர்கள் ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. அவர்கள் முன்பும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். எண்ணுபவர் மாறினார்.

அந்த கார்த் புரூக்ஸ்தான் இன்று ஆர்.ஐ.ஏ.ஏ.வின் ஆல்பக் கணக்கில் தனிப் பாடகர்களில் முதலாமவர். எல்விஸ் இல்லை, மைக்கேல் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே அவர் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்? இந்தச் சான்றிதழ் அமெரிக்காவுக்கு மட்டுமானது என்பதை ரசிகர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரிட்டனில் பிளாட்டினம் என்றால் 3 லட்சம். அங்கே அதிகம் விற்ற ஆல்பம் திரில்லரும் அல்ல, ஈகிள்ஸும் அல்ல. குவீன் குழுவின் 1981 தொகுப்பு. நாட்டுக்கு நாடு படி அளவு வேறு. உலகம் முழுவதற்கும் ஒரே கணக்குப் புத்தகம் என்று ஒன்று கிடையாது. திரில்லர் உலகெங்கும் 10 கோடி விற்றது என்றும், இல்லை அதைவிடக் குறைவு என்றும் இரு தரப்பும் அடித்துச் சொல்ல முடிவது அதனால்தான்.

சரி, இதெல்லாம் ரசிகர்களின் பொழுதுபோக்குச் சண்டைதானே, எண் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று நினைக்கலாம். ரசிகருக்கு அப்படி. பாடியவருக்கு அப்படி இல்லை.

ரூத் பிரவுன் என்ற பாடகியைப் பற்றிச் சொல்கிறேன். வர்ஜீனியா மாநிலத்தில் 1928-ல் பிறந்தவர். 1947-ல் தொடங்கிய அட்லான்டிக் என்ற சின்னக் கம்பெனிக்கு 1950களில் ஹிட் மேல் ஹிட் கொடுத்தார். அவர் பாட்டு விற்ற காசில் எழுந்த கம்பெனி என்பதால், அதை 'ரூத் கட்டிய வீடு' என்றே சொல்வார்கள். 1960களில் ரசனை மாறியது, வாய்ப்பு நின்றது. பிள்ளைகளை வளர்க்க அவர் வீட்டு வேலை செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார். பழைய பாட்டுகள் விற்றுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் கம்பெனியின் கணக்கில் அவர் கடனாளி. ஒலிப்பதிவுச் செலவு, அந்தச் செலவு, இந்தச் செலவு என்று அவர் பங்கில் கழித்துக்கொண்டே வந்தார்கள். பண்ணையார் வீட்டுக் கணக்குப் பிள்ளையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரூத் விடவில்லை. வழக்கறிஞர் ஒருவர் துணையோடு ஆண்டுக்கணக்கில் போராடினார். 1988-ல் அட்லான்டிக் இறங்கி வந்தது. தன்னிடம் பாடிய பழைய கலைஞர்கள் பலரின் 'கடனை'த் தள்ளுபடி செய்து, பின்தேதியிட்டு உரிமைத்தொகை கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்த ஒப்பந்தத்தின் விளைவாகப் பிறந்ததுதான் ரிதம் அண்டு புளூஸ் அறக்கட்டளை. ரூத் பிரவுனைப் போல ஓய்ந்துபோன பாடகர்களுக்கு அது கை கொடுத்தது.

விற்பனை எண்ணின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரிகிறது. எத்தனை விற்றது என்ற கேள்விக்குப் பின்னால், அந்தக் காசு யாருக்குப் போனது என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. ரசிகர்கள் முதல் கேள்வியில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ரூத் பிரவுன் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

புகழும் நிலைப்பேறும் அப்படியானால் எண்ணில் இல்லையா? இரண்டு சான்று சொல்கிறேன்.

1955-ல் ஃபேட்ஸ் டோமினோ என்ற கறுப்புப் பாடகர் 'எய்ன்ட் தட் எ ஷேம்' என்ற பாட்டை வெளியிட்டார். அதே பாட்டை வெள்ளைப் பாடகர் பேட் பூன் உடனே பாடி வெளியிட்டார். வெள்ளையர் வானொலிகள் பூனின் பாட்டைத்தான் போட்டன. பொதுத் தரவரிசையில் பூனுடையது முதலிடம், டோமினோவுடையது பத்தாமிடம். ஆனால் 1986-ல் ராக் அண்டு ரோல் புகழ் மண்டபம் தன் முதல் வரிசைக் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தபோது அதில் டோமினோ இருந்தார், பூன் இல்லை.

இன்னொருவர் ராபர்ட் ஜான்சன். மிசிசிப்பியின் புளூஸ் பாடகர். 1936-லும் 1937-லும் டெக்சாஸில் 29 பாட்டுகள் பதிவு செய்தார். 1938-ல், 27 வயதில் இறந்தார். 1961-ல் ஒரு நெடுந்தட்டாக அந்தப் பாட்டுகளில் சில மீண்டும் வந்தபோது இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன், கீத் ரிச்சர்ட்ஸ் போன்ற வாலிபர்கள் அதைக் கேட்டுக் கிறங்கினார்கள். அவர்கள் வழியாக ராக் இசைக்குள் ஜான்சன் புகுந்தார். 1990-ல் முழுத் தொகுப்பு வந்தது, பிளாட்டினமும் ஆனது. இறந்து 52 ஆண்டுக்குப் பிறகு. எண் அவருக்குப் புகழைக் கொடுக்கவில்லை. புகழ் முந்தி வந்தது, எண் பின்னால் ஓடி வந்து சேர்ந்தது.

கடைசியாக இன்றைய நிலவரம். இப்போது எண்ணைக் கம்பெனி மட்டும் உண்டாக்குவதில்லை, ரசிகர்களும் உண்டாக்குகிறார்கள். அடெலின் '25' ஆல்பம் 2015-ல் முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 33 லட்சத்துக்கு மேல் விற்றது. 2025 அக்டோபரில் டெய்லர் ஸ்விஃப்டின் ஆல்பம் இணையத்தில் கேட்டதையும் சேர்த்து 40 லட்சத்தைத் தாண்டி அதை முறியடித்தது. அந்த ஆல்பம் வெவ்வேறு அட்டை, வெவ்வேறு நிறம் என்று பல வடிவங்களில் வந்தது. ஒரே ரசிகர் நாலைந்து வாங்கினால் கணக்கில் நாலைந்து. கொரியப் பாப் ஆல்பங்களுக்குள் பாடகர்களின் படம் போட்ட சிறு அட்டை இருக்கும், யார் படம் வரும் என்று பிரித்தால்தான் தெரியும். வேண்டிய படம் வரும்வரை பிள்ளைகள் வாங்குகிறார்கள். டி-சட்டையோடும் கச்சேரி டிக்கெட்டோடும் ஆல்பத்தைச் சேர்த்து விற்று எண்ணை ஏற்றுவது அதிகமாகப் போய், 2020-ல் பில்போர்டு அப்படிச் சேர்த்து விற்றதைக் கணக்கில் எண்ணுவதற்குத் தடை போட வேண்டியதாயிற்று.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். திட்டாதீர்கள். பாட்டின் மேல் அவ்வளவு பிரியம் இருப்பது நல்ல விஷயம். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி மட்டும் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். இந்த எண்ணை யார் எண்ணினார்கள்? எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள்? அந்தக் காசில் பாடினவருக்கு எவ்வளவு போனது?

இந்த மூன்றையும் கேட்கப் பழகிய பிள்ளை நாளைக்குத் தேர்தல் புள்ளிவிவரத்தையும், கம்பெனி விளம்பரத்தையும், அரசு அறிக்கையையும் அதே கண்ணோடு பார்க்கும்.

திரில்லரா, ஈகிள்ஸா என்று என்னைக் கேட்டால், சான்றிதழ்க் கணக்கில் ஈகிள்ஸ் முன்னால் நிற்கிறது. அது என்ன கணக்கு என்பதை மேலே சொல்லிவிட்டேன். உங்களுக்கு எது பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்பதைக் கீழே எழுதுங்கள். எத்தனை விற்றது என்று மட்டும் எழுத வேண்டாம்.